ரன்னுன்னா ஓடுறது மட்டும்தானா? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலீஷ்ல உங்களை ரொம்ப படுத்துற சின்ன சொல் எதுன்னு கேட்டிருந்தோம். கெட், டேக், செட்னு கலந்துகட்டித்தான் வந்துச்சு, ஆனா 'ரன்' பத்தி வந்த கேள்விங்க தனி ரகம், பாதி சந்தேகம், பாதி புலம்பல், ஒண்ணு ரெண்டு சண்டைக்கே வந்தது. அதனால மத்ததை ஓரமா வெச்சுட்டு இந்த தடவை ரன் மட்டும்.

கே: ரன்ங்கற ஒரே சொல்லுக்கு 645 அர்த்தம் இருக்காமே, நிஜமா? நிஜம்னா மனுஷன் எப்படிங்க இங்கிலீஷ் கத்துக்கறது?

ப: நிஜம்தான், ஆனா தூக்கம் போற அளவுக்கு பயப்பட வேண்டிய நிஜம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்ஷனரியோட மூணாவது பதிப்புக்காக பழைய சொற்களை ஒவ்வொண்ணா எடுத்து திரும்ப எழுதிட்டு வர்றாங்க. அதுல ரன் முறை வந்தப்போ பீட்டர் கிலிவர்ங்கற ஆசிரியருக்கு அந்த ஒரு சொல்லை முடிச்சு எழுந்திரிக்கவே சுமார் ஒன்பது மாசம் ஆச்சு, 2011ல எண்ணிப் பார்த்தா வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம். பெயர்ச்சொல்லா வர்ற ரன் எல்லாம் இந்தக் கணக்குலயே சேராது. அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் இந்தப் பெருமை 'செட்'கிட்ட இருந்துச்சு, 1989ல வந்த ரெண்டாவது பதிப்புல செட்டுக்கு 430 அர்த்தம் போட்டிருந்தாங்க.

ஆனா அவங்க எண்ணுற விதத்தையும் கொஞ்சம் பாருங்க. ஆறு ஓடுது, குழாய்ல தண்ணி ஓடுது, மூக்கு ஒழுகுது, துவைக்கும்போது துணிச்சாயம் இறங்கி பக்கத்து துணியில பிடிக்குது, மெழுகு உருகி வழியுது, கண்ணு மை கரைஞ்சு கன்னத்துல இறங்குது. இங்கிலீஷ்ல இது எல்லாமே ரன்தான். நமக்கு பார்த்தா ஒரே விஷயம், ஏதோ திரவம் வழியுது, அவ்வளவுதான். அகராதிக்காரங்க அதைப் பிரிச்சுப் பிரிச்சு நம்பர் போடுவாங்க, அது அவங்க வேலை. அதோட அந்த அகராதி ஒரு சொல்லோட வரலாற்றையே பதிவு பண்றது, முன்னூறு நானூறு வருஷம் முன்னாடி வழக்கத்துல இருந்து செத்துப்போன அர்த்தத்தைக் கூட தூக்கிப் போடாது. அதெல்லாம் கழிச்சுட்டா உங்களுக்கும் எனக்கும் தினமும் தேவைப்படறது ஒரு சின்ன மூலைதான்.

அந்த மூலையையும் மனப்பாடம் பண்ணாதீங்க. ரன் தனியா எந்த அர்த்தமும் சொல்லாது, பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கன்னு பார்த்துட்டுத்தான் பேசும். பக்கத்துல கம்பெனி இருந்தா நடத்துறது, ஃபீவர் இருந்தா காய்ச்சல் அடிக்கறது, ரிஸ்க் இருந்தா ஆபத்துக்கு துணியறது, லேட் இருந்தா தாமதமாகறது, எர்ரண்ட் இருந்தா கடை கண்ணிக்கு போயிட்டு வர்றது. அந்தக் கூட்டாளியோட சேர்த்து ஒரே சொல்லா படிங்க, போதும்.

கே: ஓடுறதுக்கும் கம்பெனி நடத்துறதுக்கும் என்னங்க சம்பந்தம்? எப்படி ஒரே சொல் ரெண்டுக்கும் வந்துச்சு?

ப: இதுக்கு இங்கிலீஷ்காரங்களை விட நமக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். தமிழ்ல 'ஓடு'ன்னு ஒண்ணு இருக்கு, 'ஓட்டு'ன்னு ஒண்ணு இருக்கு. வண்டி ஓடுது, நான் வண்டியை ஓட்டறேன். தானா நடந்தா ஓடு, நான் நடக்க வெச்சா ஓட்டு. கடையை ஓட்டறேன், குடும்பத்தை ஓட்டறேன், ஏதோ காலத்தை ஓட்டறேன்னு சொல்றோமே, அந்த இடத்துல எல்லாம் யாரும் கால்ல ஓடலை, ஆனா நமக்கு ஒரு நொடி கூட குழப்பம் வர்றதில்லை.

பழைய இங்கிலீஷ்லயும் கிட்டத்தட்ட இப்படி ஒரு ஜோடி இருந்துச்சு. தானா ஓடுறதுக்கு 'ரின்னன்', அதையே கொஞ்சம் எழுத்து மாத்தி 'இர்னன்'னும் சொல்வாங்க. ஓட வைக்கறதுக்கு, குதிரையை ஓட்டறதுக்கு 'அர்னன்'னு இன்னொண்ணு. காலப்போக்குல ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு இன்னிக்கு இருக்கற ரன் ஆயிடுச்சு. அதனாலதான் 'தி மெஷின் ரன்ஸ்'னாலும் ரன், 'ஐ ரன் தி மெஷின்'னாலும் ரன். ஜெர்மன்ல இன்னும் ரெண்டும் தனித்தனியாதான் இருக்கு, 'ரின்னென்'னா ஒழுகறது வழியறது, 'ரென்னென்'னா ஓடுறது. அந்த பழைய ரின்னன்லயே தண்ணி ஓடுறதும் கால் ஓடுறதும் ரெண்டும் இருந்துச்சு, அதனால மூக்கு ஒழுகறதுக்கு ரன்னு சொல்றது ஏதோ பின்னாடி வந்த ஸ்லாங் இல்லை, ரொம்ப பழைய வேர்ல இருந்து வர்றது.

அப்புறம் வந்தது மெஷின் காலம். மில், நீராவி இன்ஜின், ரயில், இதெல்லாம் வந்தப்போ நிக்காம தொடர்ந்து வேலை செய்யற ஒரு பொருளுக்கு ஏதாவது வினைச்சொல் வேணுமே, கையில இருந்த ரன்னை எடுத்து மாட்டிட்டாங்க. ரன் இவ்வளவு வீங்கினதுக்கு அதுதான் பெரிய காரணம்னு சொல்றாங்க, எனக்கும் அது சரியாத்தான் படுது. மெஷின் ஓடுச்சு, அதனால மெஷின் இருக்கற ஃபாக்டரி ஓடுச்சு, ஃபாக்டரி வெச்சிருக்கற கம்பெனி ஓடுச்சு. அப்புறம் கம்ப்யூட்டர். 1964ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல பேசிக்னு ஒரு மொழி உருவாச்சு, மாணவர்கள் ப்ரோக்ராம் வரிகளை எல்லாம் அடிச்சுட்டு கடைசியா ரன்னு அடிச்சா அது வேலை செய்ய ஆரம்பிக்கும். இன்னிக்கும் கோடு எழுதறவங்க 'ரன் பண்ணிப் பாரு'ன்னுதான் சொல்றாங்க.

கே: நான் கிரிக்கெட் பைத்தியம். பேட்ஸ்மேன் நின்ன இடத்துல இருந்து நகராம சிக்ஸர் அடிச்சாலும் ஆறு 'ரன்'னு சொல்றாங்களே, ஓடவே இல்லாதப்போ அது எப்படி ரன் ஆகும்?

ப: நல்ல கேள்வி, அம்பயர் கிட்ட கேட்டா முறைப்பார். ஆரம்பத்துல ரன்னா உண்மையாவே ஓடினதுதான், 22 கஜ பிட்ச்சுல ரெண்டு பேரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறி ஓடி முடிச்சா ஒண்ணு. அந்தக் காலத்துல ஸ்கோர் எழுதறவர் பேப்பர் பேனா வெச்சுக்கிட்டு உக்காரலை, ஒரு குச்சியில கத்தியால வெட்டு வெட்டா போட்டுக்கிட்டே வருவார், அதனால ரன்னுக்கே 'நாட்ச்'னு ஒரு பேர் இருந்துச்சு, குச்சியில போடற வெட்டுன்னு அர்த்தம். பவுண்டரிங்கறது பின்னாடி வந்த ஏற்பாடு, பந்து எல்லையைத் தாண்டிட்டா இனிமே நீ ஓட வேண்டாம்ப்பா, நாலோ ஆறோ ஓடினதா நாங்களே வெச்சுக்கறோம்னு சட்டம் குடுக்கற சலுகை. இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்லை, பந்து கோட்டைத் தொடறதுக்குள்ளயே நாலுக்கு மேல ஓடியிருந்தாங்கன்னா அந்த ஓடின கணக்குதான் செல்லும், பவுண்டரி கணக்கு இல்லை. அதாவது இன்னிக்கும் ஓட்டம்தான் முதலாளி.

கிரிக்கெட்ல இருந்தே இன்னொரு வலை இருக்கு, அதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் விழறாங்க. 'ரன் அவுட்'னா நமக்கு ஸ்டம்ப்தான் கண்ணு முன்னாடி வரும். ஆனா கிரிக்கெட்டுக்கு வெளியில ரன் அவுட்னா தீர்ந்துபோறது. 'வி ரேன் அவுட் ஆஃப் பேப்பர்'னா பேப்பர் காலி. இதுல யார் முதல்ல வர்றாங்கன்னு பார்த்துக்கணும், ஆள் முதல்ல வந்தா ஆஃப் வேணும், பொருள் முதல்ல வந்தா வேண்டாம், 'தி பேப்பர் ரேன் அவுட்'. டைமும் அப்படித்தான், 'டைம் ஈஸ் ரன்னிங் அவுட்', 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்'. இதே ரன் அவுட் பின்னாடி 'ஆன்' வந்துச்சுன்னா கதையே வேற, 'ஹி ரேன் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி'ன்னா குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டு ஓடிட்டான்னு அர்த்தம். ஒரு எழுத்து ரெண்டு எழுத்து சொல்தான், ஆஃபுக்கு பதில் ஆன் போட்டா பேப்பர் தீர்ந்த விஷயம் கோர்ட்டு வழக்கு ஆயிடும்.

(நான்-ஸ்ட்ரைக்கர், அதாவது பவுலர் பக்கம் நிக்கற பேட்ஸ்மேன், பந்து போடறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா பவுலர் அவுட் பண்றது நியாயமான்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. இது மொழிப் பக்கம்ங்க. சட்டத்தை மட்டும் சொல்லிடறேன், 2022 அக்டோபர்ல இருந்து அது 'முறையற்ற ஆட்டம்'ங்கற 41ஆவது விதியில இருந்து எடுக்கப்பட்டு, சாதாரண ரன் அவுட்டுக்கான 38ஆவது விதிக்கு போயிடுச்சு. மிச்ச சண்டையை நீங்களே போட்டுக்கங்க.)

கே: ஆபீஸ்ல மேனேஜர் 'ப்ளீஸ் ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்'னு மெயில் போட்டிருந்தார். நானும் வேலையை அவசர அவசரமா முடிச்சு க்ளையன்ட்டுக்கு அனுப்பிட்டேன், அவர் செம கடுப்பாயிட்டார். நான் என்ன தப்பு பண்ணேன்?

ப: ஐயோ. 'ரன் இட் பை மீ'ன்னா சீக்கிரம் முடின்னு அர்த்தம் இல்லைங்க, 'அனுப்பறதுக்கு முன்னாடி என் கண்ணுல ஒரு தடவை காட்டு'ன்னு அர்த்தம். 'ரன் இட் பாஸ்ட் மீ'ன்னும் சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அவரைத் தாண்டி க்ளையன்ட்டுகிட்ட போயிட்டீங்க, அவர் கடுப்பானதுல ஆச்சரியம் இல்லை. இதையே அவருக்கு ஒரு மெயில்ல விளக்கமா எழுதி, சொல்லைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடுங்க, பொதுவா இதுக்கெல்லாம் மேனேஜர்ங்க சிரிச்சுட்டு விட்டுடுவாங்க.

ஆபீஸ்ல ரன் கொஞ்சம் ஜாஸ்திதான். 'ரன் த்ரூ'ன்னா மேலோட்டமா ஒரு முறை ஓட்டிப் பார்க்கறது, ஸ்லைடு எல்லாம் ஒரு தடவை தள்ளிப் பார்த்துக்கலாம்ங்கற மாதிரி. 'ட்ரை ரன்'னா (முயற்சி பண்ற 'ட்ரை' இல்லை, காய்ஞ்சதுங்கற 'ட்ரை') நிஜமா பண்றதுக்கு முன்னாடி ஒத்திகை. 'ரன்டவுன்' குடுன்னா முக்கியமான விஷயங்களை வரிசையா சுருக்கமா சொல்லு. 'அப் அண்ட் ரன்னிங்'னா எல்லாம் செட் ஆகி வேலை செய்யுது. 'த்ரீ டேஸ் ரன்னிங்'னா மூணு நாளா தொடர்ந்து, அங்க யாரும் ஓடலை. 'ஐயாம் ரன்னிங் லேட்'னு யாராவது மெசேஜ் போட்டா ஓடி வந்துட்டு இருக்காங்கன்னு நம்பிடாதீங்க, பாதி பேர் இன்னும் குளிச்சே இருக்க மாட்டாங்க.

கே: தேர்தல் நியூஸ்ல அமெரிக்கால 'ரன் ஃபார் ப்ரெசிடென்ட்'ங்கறாங்க, பிரிட்டன் பேப்பர்ல 'ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்'னு போடறாங்க. ஒருத்தர் ஓடறார், ஒருத்தர் நிக்கறார், எது சரி?

ப: ரெண்டும் சரி, ஊர் வேற. அமெரிக்கால வேட்பாளர் ஓடுவார், பிரிட்டன்ல நிப்பார். நாமளும் தேர்தல்ல 'நிக்கிறது'ன்னுதான் சொல்றோம், அந்த விஷயத்துல தமிழும் பிரிட்டிஷ் இங்கிலீஷும் ஒரே கட்சி. அமெரிக்கக்காரங்க அரசியலை முழுக்க குதிரைப் பந்தயமாவே பேசுவாங்க. துணை ஜனாதிபதி வேட்பாளரை 'ரன்னிங் மேட்'னு சொல்றதே பந்தயத்துல இருந்து வந்தது, ஒரே லாயத்துக்காரர் தன்னோட நல்ல குதிரைக்கு வேகம் குடுக்க கூட இன்னொரு குதிரையை ஓட விடுவார், அந்தக் கூட ஓடற குதிரைக்குத்தான் அந்தப் பேர். துணை ஜனாதிபதிங்க இதைக் கேட்டா என்ன நினைப்பாங்களோ. தோத்துப்போனவங்களுக்கு 'ஆல்ஸோ ரேன்'னு ஒரு பேர் இருக்கு, அதுவும் அங்கேர்ந்துதான். பந்தய முடிவு போடும்போது முதல் மூணு இடத்துக்கு வந்த குதிரைங்களை மேல போட்டுட்டு, மிச்சத்தை எல்லாம் கீழ 'இதுங்களும் ஓடுச்சு'ன்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க.

'ரன்ஆஃப்'ங்கறதும் இங்க வரும், யாருக்கும் பாதிக்கு மேல ஓட்டு கிடைக்கலைன்னா முதல் ரெண்டு பேருக்கு மட்டும் திரும்ப வைக்கற தேர்தல். ஜார்ஜியா மாநிலத்துல 2021 ஜனவரியில ரெண்டு செனட் இடத்துக்கு நடந்துச்சே, அது. ஃபிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல்ல ரெண்டாவது சுற்றையும் இங்கிலீஷ் பேப்பர்ல அப்படித்தான் எழுதுவாங்க. ஆனா விவசாயம், வெள்ளம் பத்தின செய்தியில ரன்ஆஃப் பார்த்தீங்கன்னா அது மழைத்தண்ணி மண்ணுல இறங்காம மேலயே வழிஞ்சு ஓடறது, தேர்தல் இல்லை.

கே: லீவ் மெயில்ல 'ஐ ஹேவ் ரன்னிங் நோஸ்'னு எழுதறது சரியா?

ப: எழுதலாம், புரியும், ஆனா 'ரன்னி நோஸ்'ங்கறதுதான் வழக்கம், முன்னாடி ஒரு 'எ' போடுங்க. இல்லைன்னா 'மை நோஸ் ஈஸ் ரன்னிங்'. காய்ச்சலுக்கு 'ஐயாம் ரன்னிங் எ ஃபீவர்' அல்லது 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. ஒரே ஒரு எச்சரிக்கை, 'ஐ ஹேவ் தி ரன்ஸ்'னு மட்டும் தெரியாம எழுதிடாதீங்க, அது வயித்தால போறது. நேத்து மேட்ச்ல நல்லா ஆடினதைப் பெருமையா சொல்றேன்னு அந்த வாக்கியத்தைச் சொன்னா எதிர்ல இருக்கறவர் ரெண்டு அடி தள்ளி நிப்பார்.

கே: 'ஐ ஹேவ் ரேன்' – சரியா தப்பா?

ப: தப்பு. ரன், ரேன், திரும்ப ரன். ஹேவ், ஹேஸ், ஹேட் பின்னாடி வந்தா ரன்தான், 'ஐ ஹேவ் ரன்'. கம், கேம், கம் மாதிரியே.

கே: ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோட ஒரு குட்டிச் சொல் சேர்ந்து புது அர்த்தம் தர்றது) லிஸ்ட் ஒண்ணு டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன், ரன்னுக்கு மட்டும் மூணு பக்கம். இன்டு, அக்ராஸ், ஓவர், டவுன், அப்... படிக்கப் படிக்க ஒண்ணோட ஒண்ணு குழம்புது. வழி சொல்லுங்க.

ப: முதல்ல அந்த லிஸ்ட்டை மூடிடுங்கம்மா. லிஸ்ட்டுல இருக்கற பிரச்சனை என்னன்னா அது எல்லாத்தையும் ஒரே சைஸ்ல காட்டும், தினம் தேவைப்படறதும் வாழ்க்கைல ஒரு தடவை வர்றதும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். அதுக்குப் பதிலா அந்த குட்டிச் சொல் எந்தப் பக்கம் கை காட்டுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்டுன்னா உள்ள போய் முட்டறது. கார் சுவத்துல போய் முட்டினாலும் 'ரேன் இன்டு', வேலையில ஒரு சிக்கல் வந்து முட்டினாலும் 'ரேன் இன்டு எ ப்ராப்ளம்', வழியில எதிர்பாராம ஒரு பழைய ஃப்ரெண்டைப் பார்த்தாலும் 'ரேன் இன்டு'. மூணுலயும் நீங்க திட்டம் போட்டுப் போகலை, வந்து முட்டிடுச்சு, அதுதான் அதுக்குள்ள இருக்கற ஒரே விஷயம். ஓவர்னா மேல ஏறி அந்தப் பக்கம் போறது. மீட்டிங் 'ரேன் ஓவர்'னா குறிச்ச நேரத்தைத் தாண்டிடுச்சு, டம்ளர்ல தண்ணி மேல வழிஞ்சாலும் அதே, பரீட்சைக்கு முன்னாடி நோட்ஸை மேலோட்டமா ஒரு பார்வை ஓட்டினாலும் அதே, வண்டி ஆள் மேல ஏறினாலும் அதேதான். இப்போ இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க, 'ஐ ரேன் இன்டு மை டீச்சர் யெஸ்டர்டே'ன்னா நேத்து டீச்சரைத் தற்செயலா பார்த்தேன், 'ஐ ரேன் ஓவர் மை டீச்சர் யெஸ்டர்டே'ன்னா டீச்சர் மேல வண்டியை ஏத்திட்டேன். முதலாவதைச் சொன்னா நலம் விசாரிப்பாங்க, ரெண்டாவதைச் சொன்னா போலீஸ் விசாரிக்கும்.

டவுன்தான் கொஞ்சம் பொல்லாதது. பேட்டரி ரன் டவுன் ஆச்சுன்னா சார்ஜ் இறங்கிடுச்சு, ஒரு ஆள் ரன் டவுன்னா ஓஞ்சு போயிட்டார், பில்டிங் ரன் டவுன்னா கவனிக்காம விட்டு பாழடைஞ்சு கெடக்கு. இதெல்லாம் கீழ இறங்கறதுதான், சுலபமா புரியும். ஆனா 'ஷி ரேன் ஹிம் டவுன்'னு ஒரு வாக்கியம் வந்துச்சுன்னா வண்டியால இடிச்சுத் தள்ளினாளா, அவனை மட்டம் தட்டிப் பேசினாளா, தேடிப்பிடிச்சாளா, மூணுல எதுன்னு அந்த வாக்கியத்தை மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாது, இங்கிலீஷையே தாய்மொழியா பேசறவங்களும் முன்னாடி பின்னாடி படிச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. அதனால புரியலைன்னு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க.

அப் வந்தா ஏறுறது, 'ரன் அப் எ பில்'னா கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போறது. பவுலரோட ரன்-அப் உங்களுக்கே தெரியும், பந்து போடறதுக்கு முன்னாடி ஓடி வர்றது, அதையே அரசியலுக்கு எடுத்து 'இன் தி ரன்-அப் டு தி எலெக்ஷன்'னு தேர்தலுக்கு முந்தின பரபரப்பு நாட்களைச் சொல்வாங்க. அக்ராஸ் பெருசா ஒண்ணும் இல்லை, தேடாம ஒரு பொருள் கண்ணுல படறது. மிச்சத்தை எல்லாம் படிக்கும்போது எதிர்ப்பட்டா பார்த்துக்கலாம்.

கே: 'பேங்க் ரன்'னு நியூஸ்ல வருதே, பேங்க் எங்க ஓடுது?

ப: பேங்க் ஓடாது, பணம் போட்டவங்க ஓடுவாங்க, பேங்கை நோக்கி. ஒரு பேங்க் திவாலாகப் போகுதுன்னு பேச்சு கிளம்பினா எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தை எடுக்கப் போறதுதான் பேங்க் ரன். பேங்க் நம்ம பணத்தை லாக்கர்ல அடுக்கி வெச்சிருக்கறதில்லை, பெரும்பகுதியை வருஷக்கணக்குல திருப்பித் தர்ற மாதிரி கடனாவோ பத்திரமாவோ வெளியில போட்டிருக்கும், கையில இருக்கறது கொஞ்சம்தான், எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா நல்லா இருக்கற பேங்கும் படுத்துடும். வதந்தி பொய்யாவே இருந்தாலும் ஜனங்க நம்பிட்டா அதுவே உண்மையாயிடும், அதுதான் இதுல பயங்கரம். இதை 1983லயே ஒரு கணித மாடல் போட்டு விளக்கின டக்ளஸ் டயமண்ட், ஃபிலிப் டிப்விக் ரெண்டு பேருக்கும் 2022ல பென் பெர்னான்கியோட சேர்த்து பொருளாதார நோபல் குடுத்தாங்க.

முன்னாடியெல்லாம் நிஜமாவே கால்ல ஓடினாங்க, 2007 செப்டம்பர்ல பிரிட்டன்ல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல ஜனங்க வரிசைகட்டி நின்ன ஃபோட்டோ உலகம் முழுக்க வந்துச்சு. 2023 மார்ச்ல அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க் கதையில யாரும் வாசலுக்குக் கூட வர வேண்டியிருக்கலை, ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் இருந்தபடியே ஒரே நாள்ல 42 பில்லியன் டாலரை எடுக்கக் கேட்டாங்க, மறுநாள் பேங்கை மூடிட்டாங்க. கால் அசையலை, ஆனா பேர் மட்டும் இன்னும் ரன்.

இதே ரன் பொருளுக்கும் வரும், அப்போ கூட 'ஆன்' சேர்த்துக்கணும். 2020ல கொரோனா பயத்துல பல நாட்டு ஜனங்க டாய்லெட் பேப்பரை அள்ளிக்கிட்டுப் போனாங்களே, அது 'எ ரன் ஆன் டாய்லெட் பேப்பர்'.

கே: 'ஐ ரன் எ கார்'னா நான் கார் ஓட்டறேன்னு சொல்லலாமா?

ப: கூடாது. மேல நான் ஓட்டு, ஓடுன்னு பெருசா பேசினதை வெச்சு இந்தக் கேள்வி வரும்னு தெரியும். கார் ஓட்டறதுக்கு 'டிரைவ்'தான். 'ரன் எ கார்'னா காரை வெச்சுக் கட்டி மேய்க்கறது, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ்னு செலவு பண்ணி வெச்சிருக்கறது, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ரொம்ப சகஜம். 'ஐ கேன்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்'னா வாங்கறது இருக்கட்டும், வெச்சுக் காப்பாத்த வசதி இல்லைன்னு அர்த்தம். ஆனா உங்களை நான் ஸ்டேஷன்ல இறக்கி விடறேன்னு சொல்ல 'ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்' சொல்லலாம், அங்க ரன்னுக்கு அப்புறம் வர்றது ஆள், கார் இல்லை. 'ரன் எ ரெட் லைட்'னா சிக்னலை மதிக்காம போறது, இது அமெரிக்க வழக்கு, பிரிட்டன்ல அதையே 'ஜம்ப்' பண்ணுவாங்க. காலுறையில நூல் பிரிஞ்சு நீளமா கோடு விழுந்தா அமெரிக்காவுல அதுக்கும் ரன்னுதான் பேர், பிரிட்டன்ல 'லேடர்', ஏணி.

கே: 'ரன் அமாக்', 'ரன் தி காண்ட்லெட்' இதெல்லாம் எந்த ஊர் இங்கிலீஷ்?

ப: ரெண்டுமே வாங்கின சரக்கு. 'அமாக்' மலாய் மொழிச் சொல், வெறி பிடிச்சு கண்ணு மண்ணு தெரியாம தாக்கறது. இப்போ கட்டுப்பாடு இல்லாம எது திரிஞ்சாலும் சொல்றாங்க, பிறந்தநாள் பார்ட்டியில குட்டிப் பசங்க வரைக்கும்.

காண்ட்லெட் கதை கொடூரமானது. ஸ்வீடிஷ்ல 'காட்லாப்'னு ஒரு சொல், காட்டான்னா சந்து, லாப்னா ஓட்டம். தப்பு பண்ண சிப்பாய்க்கு குடுத்த தண்டனை அது, ரெண்டு வரிசையா சிப்பாய்ங்க கையில பிரம்போட எதிரெதிரா நிப்பாங்க, நடுவுல இருக்கற சந்துல அவன் போகணும், ரெண்டு பக்கமும் அடி விழும். பதினேழாம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்துச்சு, வாய்க்குள்ள நுழையாம 'காண்டலோப்'னு ஆகி, கடைசியா இரும்புக் கையுறைக்கு ஏற்கெனவே இருந்த 'காண்ட்லெட்'டோட கலந்துடுச்சு. அதனால சவால் விடறதுக்கு கீழ போடற காண்ட்லெட் வேற, நடுவுல ஓடற காண்ட்லெட் வேற, எழுத்துதான் ஒண்ணு. இப்போ கோர்ட்டு வாசல்ல நிருபருங்க மைக்கோட ரெண்டு பக்கமும் மொய்க்க ஒருத்தர் நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாருன்னா அதுக்கு இதைப் போடுவாங்க, பொருத்தமாத்தான் இருக்கு.

கே: உங்க பதில் எல்லாம் ஒரே மூச்சுல நீட்டி முழக்கிட்டே போறீங்க. இதுக்குப் பேர்தானே 'ரன்-ஆன் சென்டன்ஸ்'?

ப: இல்லைங்க, இந்த ஒரு கேஸ்ல நான் தப்பிச்சுக்குவேன். நிறைய பேர் நீளமான வாக்கியம்னாலே ரன்-ஆன்னு நினைக்கறாங்க, நீளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. தனித்தனியா நிக்கக்கூடிய ரெண்டு வாக்கியத்தை நடுவுல புள்ளியோ இணைப்புச் சொல்லோ இல்லாம ஒட்டிட்டா அது ரன்-ஆன், 'ஐ கேம் ஷி லெஃப்ட்'னு நாலே சொல்லுல கூட பண்ணிடலாம். நடுவுல வெறும் கமா மட்டும் போட்டு ஒட்டினா 'கமா ஸ்ப்ளைஸ்'னு தனியா ஒரு பேர், இங்கிலீஷ் டீச்சருங்க அதுக்கும் சிவப்பு மை போடுவாங்க. ஆனா இதெல்லாம் இங்கிலீஷ் இலக்கணத்துச் சட்டம். தமிழ்ல வந்து, போய், பார்த்துட்டு, கேட்டுட்டுன்னு எச்சத்தை எச்சத்தோட கோத்துக்கிட்டே போய் கடைசியில ஒரே ஒரு முற்றுல முடிச்சா அது முறையான ஒரே வாக்கியம்தான், எவ்வளவு நீளமா இருந்தாலும். நான் அப்பப்போ கமாவைப் போட்டு ஒட்டிட்டுப் போறதைப் பத்தி நீங்க கேக்கலை, அதனால நானும் சொல்லலை.